பாதரசனின் முகம்

முகம் இன்னும் தெரியவில்லை. கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தாலும் தெரியவில்லை, கழற்றிவிட்டுப் பார்த்தால் வெயில் நேராக மண்டைக்குள் இறங்குகிறது. போனை மூக்குக்குக் கிட்டே கொண்டுபோகிறேன், தள்ளிப் பிடிக்கிறேன், சாய்க்கிறேன். வெள்ளையாக ஒரு கட்டம், அதற்குள் சாம்பல் நிறத்தில் முட்டை வடிவில் ஏதோ ஒன்று, முட்டைக்குள் கறுப்பாக இரண்டு இடம், அவ்வளவுதான். அது கண்ணாக இருக்க வேண்டும். சொட்டுமருந்தின் வேகம் தணிய நேரமாகும், கூட யாராவது வந்திருக்காங்களா என்று கேட்ட கண் ஆஸ்பத்திரி நர்ஸிடம், வந்திருக்காங்க என்று வாய் கூசாமல் சொல்லிவிட்டு, கேன்டீனில் உட்கார்ந்து உட்கார்ந்து பொறுமை போய், தட்டுத்தடுமாறி மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டுக்கு வந்து, போர்டு படிக்க முடியாமல் கண்டவரையெல்லாம் கேட்டு, சிவகாசி பஸ்ஸில் ஜன்னலோரமாக உட்கார்ந்த பிறகுதான் போன் சத்தம் கொடுத்தது. முதலில் படம் வந்தது. பிறகு நஸ்ரினின் குரல். சென்னையில் பழைய படக்கதைகளைத் தேடிப்பிடித்துக் கெட்டி அட்டை போட்டுப் புத்தகமாக்கும் கம்பெனியில் அவள்தான் எடிட்டர். என் பேத்தி வயதுதான் இருக்கும், அதற்குள் அப்பா படக்கதையில் வரைந்த பாதரசனைப் பற்றி எனக்குத் தெரியாததெல்லாம் தெரியும் அவளுக்கு. “மேம், மாஸ்க்குக்குக் கீழ முகம் கெடச்சிருச்சு மேம். நீங்க சொன்னது கரெக்ட். முழு முகமும் வரைஞ்சுட்டு அதுக்கு மேலதான் கறுப்பு அடிச்சிருக்காரு உங்கப்பா. அந்த மை வேற, இந்த மை வேற, அதனால மெஷின் மேல இருக்கறத விட்டுட்டு கீழ இருக்கறத மட்டும் எடுத்துருச்சு. உங்க அண்ணன்தானான்னு பாத்து சொல்லிருங்க மேம். நீங்க ஆமான்னு சொல்லிட்டா அட்டையில இந்த முகம்தான். சாயங்காலம் ஃபைல் பிரஸ்ஸுக்குப் போகுது.” மூன்று தடவை கேட்டுவிட்டேன். அண்ணன்தானா என்று நான் சொல்ல வேண்டும். அவனைப் பார்த்தவர்களில் வீட்டில் மிச்சமிருப்பது நான் ஒருத்திதான், என்னைவிட்டால் அவள்தான் வேறு யாரைக் கேட்பாள்.

எனக்கு அவன் முகம் ஞாபகமில்லை. இதை நஸ்ரினிடம் சொல்லவில்லை, யாரிடமும் சொன்னதில்லை, சொல்லிப் பார்த்தால் வாய்க்குள் என்னவோ கரிக்கிறது. ஞாபகமில்லை என்றால் ஒரேயடியாக இல்லாமலும் இல்லை. காது இருக்கிறது, இடது காது, மடல் கொஞ்சம் வெளியே தள்ளியிருக்கும், வெயிலில் நின்றால் செக்கச்செவேலென்று தெரியும். கழுத்துப் பின்பக்கம் இருக்கிறது, சைக்கிளில் அவன் பின்னால் உட்கார்ந்து போனதால் அது நன்றாகவே இருக்கிறது. முடியில் தேங்காயெண்ணெய் வாடை இருக்கிறது. முன்பக்கம்தான் இல்லை. முன்பக்கம் வருவதற்காக அவனை ஏதாவது சொல்லிக் கூப்பிட்டுப் பார்ப்பேன், அண்ணே, அம்மா கூப்பிடுது, என்று. அவன் சைக்கிளை மிதித்துக்கொண்டே திரும்புவான், திரும்புகிறான், திரும்பிவிட்டான் என்கிற இடத்தில் ஒரு நீல நிறத் தலை வந்து உட்காரும், கத்திமுனையாய் முறுக்கிவிட்ட மீசையோடு. அது சென்னை வாரப் பத்திரிகைக்காரன் வரைந்த பாதரசன். சனியன், போ என்று தள்ளிவிட்டு மறுபடி கூப்பிட்டால் இந்தத் தடவை பளீரென்று பல் முழுவதும் தெரிய ஒருத்தன் சிரிப்பான், அது பல்பொடிக் கம்பெனி பாதரசன். என் அண்ணன் பல் தெரியச் சிரித்தவனே இல்லை, முன்பல் ஒன்றின் மேல் ஒன்று ஏறியிருக்கும் என்று உதட்டை மூடிக்கொண்டுதான் சிரிப்பான். பார், அது ஞாபகமிருக்கிறது. உதட்டை மூடிக்கொண்டான் என்பது ஞாபகமிருக்கிறது, உதடு ஞாபகமில்லை.

பஸ் கிளம்பிவிட்டது, காற்று வருகிறது, புண்ணியம். ஒரு படமாவது எடுத்து வைத்திருக்கக் கூடாதா என்று நஸ்ரின் முதல் தடவை வீட்டுக்கு வந்தபோது கேட்டாள். ஓவியர் வீட்டில் போட்டோவா? வேதமாணிக்கம் ஓவியர் என்றால் அன்றைக்கு சிவகாசியில் காலண்டர் போடுகிற அத்தனை பேருக்கும் தெரியும், ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய் வேதபாடம் வாசித்துவிட்டு வந்து திங்கட்கிழமை முருகனுக்கு வேல் வரைகிற மனுஷன். கண்ணால் பார்க்காததை வரைய மாட்டேன் என்பார் அப்பா. முருகன் என்றால் டீக்கடை லிங்கம் மாமாவின் தம்பி வந்து முற்றத்தில் நிற்பார், அவருக்கு அப்படி ஒரு மூக்கு. லட்சுமியின் கை அம்மாவின் கை, காசு கொட்டுகிற அந்தக் கையில் அம்மா அரிவாள்மனையில் வெட்டிக்கொண்ட கோட்டை மட்டும் விட்டுவிடுவார். எதிரே ஆள் இருக்கும்போது போட்டோ எதுக்கு என்பது அவர் கட்சி. ஆள் இல்லாமல் போனால் என்று யாரும் கேட்கவில்லை, எங்களுக்கும் கேட்கத் தோன்றவில்லை. கதிர்மணி வெளியீடு சங்கரபாண்டி முதலாளி ஒருநாள் வந்து, “அண்ணாச்சி, வெள்ளைக்காரன் கதையில பூராப் பயலும் பறக்கான். நம்ம பய ஒருத்தனப் பறக்க விடுவமா?” என்று கேட்டதும், அப்பா யோசிக்கக்கூட இல்லை, உள்ளே திரும்பி “ஏ தாசு, இங்க வா, இந்த பெஞ்சு மேல ஏறு” என்றார். அருள்தாசன் என்பது பேர், வீட்டில் தாசு. பெஞ்சு மேல் ஏறி நின்றான், அம்மாவின் பழைய போர்வையை அப்பா அவன் தோளில் முடிந்துவிட்டார், நான் பனையோலை விசிறியால் போர்வைக்குக் காற்று வீசினேன், அதுதான் என் உத்தியோகம். பாதரசன் பாதரசத் தொட்டியில் விழுந்து உருகி எழுந்தவன், கதவிடுக்கு வழியாக வழிந்து போவான், அந்தப் பக்கம் போய் மறுபடி ஆளாகி நிற்பான், சுட்டால் குண்டு துளைத்துக்கொண்டு போகும், ஓட்டை தானாகச் சேர்ந்துகொள்ளும். மார்பை மட்டும் அப்பா அகலமாக்கிக்கொள்வார், முகம் அப்படியே அவனுடையது. முகமூடி கிடையாது அப்போது, மூடுவதற்கு என்ன இருந்தது.

அச்சில் இரண்டே நிறம்தான், கறுப்பும் மஞ்சளும். அதிலும் மஞ்சள் ஒழுங்காக விழாது, முகத்தை விட்டு ஒரு நெல் அளவு தள்ளித்தான் விழும், அதனால் பாதரசனுக்குப் பக்கத்தில் எப்போதும் மஞ்சளாக இன்னொருத்தன் ஒட்டிக்கொண்டு நிற்பான். அண்ணன் அதைப் பார்த்துவிட்டு, “எப்பா, என் ஆவி இப்பவே பக்கத்துல வந்து நிக்கி பாருங்க” என்றான், அம்மா அவன் வாயிலேயே போட்டாள். மஞ்சள். அந்த வருஷமே மஞ்சள் அவன் கண்ணுக்குள் வந்தது. முதலில் அம்மா அச்சாபீஸ் மை என்றுதான் நினைத்தாள், தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைத்தாள், போகவில்லை. கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தார்கள், உப்பில்லாத பத்தியம், ஜெபம், டவுன் ஆஸ்பத்திரி, ஒன்றும் நடக்கவில்லை. படுத்த படுக்கையாக இருந்தபோது நான் போய் எட்டிப் பார்த்தேனே, அப்போதாவது முகத்தைப் பார்த்திருப்பேனே, எதைப் பார்த்தேன்? நகத்தைப் பார்த்தேன். நகமெல்லாம் மஞ்சளாக இருந்தது, பயந்துபோய் நகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். பன்னிரண்டு வயது எனக்கு, முகத்தைப் பார்த்து வைத்துக்கொள் என்று யாராவது சொல்லியிருக்கலாம். எங்கள் ஆட்களில் பெட்டியில் வைத்த பிறகு குடும்பம் மொத்தமும் சுற்றி நின்று ஒரு போட்டோ எடுப்பது வழக்கம், படமே எடுத்திராத கிழவிக்குக்கூட அந்த ஒரு படம் இருக்கும், சுவரில் மாட்டியிருப்பார்கள். ஸ்டுடியோக்காரர் முக்காலியும் காமிராவுமாக வாசலில் வந்து நின்றார். அப்பா எழுந்து போய் அவர் தோளைத் தொட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார். “கண்ணு மூடுன மூஞ்சி எனக்கு வேண்டாம். தெறந்த கண்ணோட என்கிட்ட இருக்கு.” நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். ஊரே அழுதது அதைக் கேட்டு. பள்ளிக்கூடத்து குரூப் போட்டோவில் இருப்பானே என்று பிறகு ஓடிப்போய் வாங்கிவந்தோம். இருந்தான். பட்டன் அமுக்குகிற நேரத்தில் பக்கத்துப் பையன் என்னவோ சொல்ல, திரும்பியிருக்கிறான். காதும், அதற்கு முன்னால் தேய்த்துவிட்ட சாம்பல் பூச்சும்.

திருமங்கலம் என்று யாரோ கத்துகிறார்கள். பக்கத்தில் ஒரு பெண் வந்து உட்கார்ந்து தூக்குச்சட்டியை மடியில் வைத்துக்கொண்டாள், கறிக்குழம்பு வாசனை வருகிறது. “கண்ணு ஆப்ரேசனாம்மா?” “இல்ல, செக்கப்புதான். மருந்து விட்டுருக்காங்க.” “தனியாவா வந்தீய? வீட்டுல யாரும் வரலியா?” வரவில்லை என்றேன். என் மகனுக்குச் சொல்லியிருந்தால் பெங்களூரிலிருந்து பறந்து வந்திருப்பான், பறக்கிறவர்களை எனக்கு ஆகாது. மறுபடி போனைப் பார்த்தேன். கறுப்பு இரண்டுக்கும் மேலே இப்போது இரண்டு கோடு இருக்கிறது, புருவம். கண் வேலை செய்யத் தொடங்கிவிட்டது, வேண்டாம் என்றாலும் நிற்காது. போனைக் கவிழ்த்து மடியில் வைத்தேன். தெரிந்துவிடும், விருதுநகர் வருவதற்குள் தெரிந்துவிடும். தெரிந்த பிறகு எனக்கு அடையாளம் தெரியவில்லை என்றால்? யாரோ ஒரு பையன் என்னைப் பார்த்துக்கொண்டிருக்க, நான் அவனிடம், தம்பி நீ யாருப்பா என்று கேட்டால்? கூடப்பிறந்தவனை அப்படிக் கேட்கிற தங்கச்சி எங்கேயாவது உண்டா.

அவன் போன பிறகு ஒரு வருஷம் அப்பா பாதரசனைத் தொடவில்லை. சங்கரபாண்டி முதலாளி தீப்பெட்டி லேபிளுக்குப் போய்விட்டார், அங்கிருந்த பழைய ஒரிஜினல் படங்களெல்லாம் அச்சுக்கு பிளாக் எடுத்த கையோடு அட்டைப்பெட்டிக்கு அடியில் போட்டே தீர்ந்துவிட்டன. மிஞ்சியது அச்சான புத்தகங்கள்தான், அதில் முகம் புளியங்கொட்டை அளவு, கண்ணுக்கு ஒரு புள்ளி, மூக்குக்கு ஒரு கோடு. நஸ்ரின் அதைப் பெரிதாக்கிப் பார்த்தாளாம், பெரிதாக்கப் பெரிதாக்கப் புள்ளிதான் வந்ததாம். பிறகு மதுரையிலிருந்து நவரத்தினம் சித்திரக்கதைக்காரர் வந்து கேட்டார், அப்பா சரி என்றார். முகமூடி அங்கேதான் வந்தது. நெற்றியிலிருந்து தாடை வரைக்கும் கறுப்பாக, கண் இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளைப் பிளவு மட்டும். பாதரசன் பேசுவதும் குறைந்துபோனது, முன்னே திருடனைப் பிடித்தால் நையாண்டி பண்ணுவான், இப்போது வந்து நிற்பான், போவான், ஜனங்களுக்கு அது இன்னும் பிடித்துப்போனது. மதுரைக்காரர் கேட்டார், அதனால் முகமூடி போட்டேன் என்று அப்பா எல்லோரிடமும் சொன்னார், நானும் அதையே நம்பிக்கொண்டிருந்தேன். போன வாரம் நஸ்ரின் சொல்கிறாள், ஒரிஜினல் படங்களைப் பத்திரமாக வைத்திருந்து கொடுத்த அந்த மதுரைக்காரரின் மகன் சத்தியம் பண்ணுகிறாராம், எங்கப்பா முகமூடியே கேட்கலை, எதுக்கு ஓவியரே மூஞ்சிய மூடுறீங்கன்னு சண்டைகூடப் போட்டார், அவர்தான் பிடிவாதமா மூடிக் கொடுத்தார் என்று. எனக்கு அன்றைக்கு இரண்டு வாய் சோறு இறங்கவில்லை. மகன் முகத்தை ஊருக்குக் கொடுக்க மனசில்லாமல் தனக்கென்று மூடி வைத்துக்கொண்டிருக்கிறார், வேறென்ன, என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அழுதேன்கூட.

ஆள் வேண்டுமே வரைய. அடுத்த ஆள் நான்தான். “சீலி, இந்தச் சட்டையப் போட்டுக்கோ” என்று அண்ணனின் சட்டையைக் கொண்டுவந்து கொடுத்தார். ஜெயசீலி என்கிற எனக்கு அதுவரைக்கும் அந்த வீட்டில் ஒரு படம் கிடையாது. லிங்கம் மாமாவின் தம்பிக்குக்கூட அறுபடைவீட்டில் ஒரு வீடு கிடைத்தது, எனக்கு ஒரு மயில்கூட இல்லை. என்னை எப்பப்பா வரைவீங்க என்று கேட்டால், “நீ ஒரு எடத்துல நில்லு, பாப்போம்” என்பார். நின்றேன். பெஞ்சு மேல், அண்ணன் நின்ற இடத்தில், அவன் சட்டைக்குள். அம்மா அடுப்படியிலிருந்து வந்து பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள், அதன் பிறகு நான் நிற்கிற நேரத்தில் அவள் முற்றத்துக்கு வந்ததே இல்லை. “கையத் தூக்கு. இன்னும். பறக்கப் போறவன் கை இப்படியா தொங்கும்? என்னப் பாரு. அங்கிட்டு இங்கிட்டுப் பாக்காத, என்னையே பாரு.” மூஞ்சிதான் மூடப்போகிறீர்களே, உங்களை எதற்குப் பார்க்க வேண்டும் என்று ஒருநாள் கேட்டேன். “பாருன்னா பாரு” என்றார். முதலில் முகத்தைத்தான் வரைவார், கட்டத்துக்குக் கட்டம், அணு அணுவாக, என்னைப் பார்ப்பதும் குனிவதுமாக. பெஞ்சு மேலிருந்து எட்டிப் பார்த்தால் தலைகீழாகக் கொஞ்சம் தெரியும், மூக்கு, கண்ணிமை. அப்படி வரைந்து முடித்து, பேனாவை வைத்துவிட்டு, கொஞ்ச நேரம் சும்மா இருப்பார். பிறகு பிரஷ்ஷை எடுத்து வேறொரு புட்டி மையில் தோய்த்து மொத்தத்தையும் கறுப்பாக மூடிவிடுவார். “யாரு மூஞ்சிப்பா அது?” “பாதரசன் மூஞ்சி.” அவ்வளவுதான் பதில். அண்ணன் முகம் என்று நானாகப் புரிந்துகொண்டேன். உடம்பு என்னுடையது, முகம் அவனுடையது. ஒருநாள் ஒற்றைக்காலில் நிற்கச் சொன்னார், பெஞ்சு ஆடியது, போர்வை காலில் சிக்கித் தொப்பென்று தரையில் விழுந்தேன், தாடை கிழிந்துவிட்டது. அப்பா என்னைத் தூக்கிக்கொண்டு ஓடினார், சட்டையெல்லாம் ரத்தம், அண்ணன் சட்டை, தையல் போடுகிற வரைக்கும் அவர் அழுதுகொண்டிருந்தார், டாக்டர் அவரை வெளியே போகச் சொன்னார். எனக்காக அவர் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். தாடை நடுவில் சாய்வாக ஒரு கோடு நின்றுவிட்டது, தையல் பிரித்த கையோடு மறுபடி பெஞ்சில் ஏற்றிவிட்டார்.

அதற்கப்புறம் பாதரசன் எங்கள் வீட்டை விட்டுப் போய்விட்டான். சென்னை வாரப் பத்திரிகை வாங்கியது, கலர், ஆளை நீலமாக்கினார்கள், முகமூடியைப் பாதியாக வெட்டி மேலே தள்ளி மீசை வைத்தார்கள், மோட்டார்பைக் கொடுத்தார்கள். கதவிடுக்கில் வழிந்து போகிறவனுக்கு பைக் எதற்கு என்று கேட்க ஆளில்லை. வேதமாணிக்கம் என்கிற பேர் எங்கேயும் இல்லை. அப்பா அதை வாங்கிவந்து மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு முதலிலிருந்து கடைசிவரை படித்துவிட்டு, “நல்லா இருக்காம்ல, தேறிட்டான்” என்றார், ஏதோ வெளியூரில் வேலைக்குப் போன மகனைச் சொல்வதுபோல. அப்புறம் பல்பொடி. பாக்கெட்டோடு இலவசமாக ஒரு குட்டிப் புத்தகம், பாதரசன் ஒரு பையனின் வாய்க்குள் வழிந்துபோய்ப் பூச்சிகளை அடித்து நொறுக்குவான், முகமூடியே இல்லை, கன்னம் குண்டாக, அமுல்பவுடர் குடித்து வளர்ந்த பிள்ளை மாதிரி ஒரு மூஞ்சி. நான் அப்போது டீச்சர் வேலையில் இருந்தேன், வகுப்பில் பாதிப்பேர் கையில் அந்தப் புத்தகம். என் அண்ணன் எத்தனை பேரின் வாய்க்குள் போகிறான் என்று நினைத்தேன், சிரிப்பு வந்தது, சாக்பீஸ் எடுக்கப் போகிற சாக்கில் வெளியே போய் நின்றுகொண்டேன். அப்படி ஒவ்வொருத்தனாக வந்து ஒவ்வொரு மூஞ்சியை மேலே மேலே ஒட்டிவிட்டுப் போக, அடியில் இருந்தது எனக்கு எப்போது கழன்று விழுந்தது என்றே தெரியவில்லை. அப்பா சாகும்போது ஒரு ஆறுதல், அவரிடம் இருக்கிறது, திறந்த கண்ணோடு அவர் நெஞ்சில் இருக்கிறது, அவராவது போய்ப் பார்த்தால் அடையாளம் தெரிந்துகொள்வார்.

விருதுநகர். பஸ் நின்று, ஏறுகிறவர்கள் ஏறி, பரோட்டா வாசனை வந்து, போய், மறுபடி கிளம்பியாயிற்று. எதிர்க்கடை போர்டில் எழுத்து தெரிகிறது. டிரைவர் தலைக்கு மேல் எழுதியிருப்பது தெரிகிறது. பார்க்காமல் இருக்க இனி சாக்கு இல்லை. கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிப் படிக்கிற கண்ணாடியைப் போட்டுக்கொண்டேன், ஆண்டவரே என்றேன், சத்தமாகவே சொல்லிவிட்டேன் போல, பக்கத்துப் பெண் திரும்பினாள். போனைத் திருப்பினேன். மெல்லிசான பேனாக் கோடுகள், ஒரு கோடு அழுத்தம், ஒரு கோடு லேசு, அப்பாவின் கை, அதில் சந்தேகமே இல்லை. அகலமான நெற்றி. நேராகப் பார்க்கிற கண், கொஞ்சம் பயந்த கண். மூடிய உதடு. அண்ணே என்று மனசுக்குள் எழுந்தது, எழுந்து பாதியில் நின்றது. உதட்டுக்குக் கீழே, தாடை நடுவில், சாய்வாக ஒரு கோடு.

அண்ணன் தாடையில் ஒன்றும் கிடையாது. அண்ணன் செத்து ஒரு வருஷம் கழித்து விழுந்த கோடு அது. அது நான். என்னையே பாரு என்று சொல்லிவிட்டு அப்பா வரைந்தது என்னை. கண்ணால் பார்க்காததை வரைய மாட்டேன் என்றவர், நெஞ்சிலிருந்து மகனை எடுக்கலாம் என்று ஒவ்வொரு கட்டத்திலும் உட்கார்ந்து பார்த்திருக்கிறார், ஒவ்வொரு கட்டத்திலும் எதிரே நிற்கிற நான்தான் வந்து விழுந்திருக்கிறேன். பேனாவை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தாரே, அப்போது அவர் பார்த்துக்கொண்டிருந்தது இதைத்தான், மறுபடியும் இவளா என்று. மூடி வைத்துக்கொள்ள அவரிடம் முகம் இருக்கவில்லை. இல்லை என்பதைத்தான் மூடியிருக்கிறார். ஒரே வருஷத்தில் அவருக்கும் போய்விட்டது, எனக்குப் போனதுபோலவே, அதை அம்மாவிடம்கூடச் சொல்லாமல், ஊரே அழுத அந்த வார்த்தையைச் சொல்லிவிட்ட வாயால் வேறு எதையும் சொல்ல முடியாமல், கறுப்பு மேல் கறுப்பாக அடித்துக்கொண்டே இருந்திருக்கிறார். ஐயோ அப்பா, என்னிடமாவது சொல்லியிருக்கலாமே, நானும் மறந்துட்டேன்ப்பா என்று சொல்லியிருப்பேனே, இரண்டு பேரும் சேர்ந்து அழுதிருக்கலாம். என் முகத்தை யாராவது இப்படிப் பார்த்திருக்கிறார்களா? கட்டினவர் பார்த்திருக்கிறாரா? இமை முடிவரைக்கும் எண்ணி வரைந்திருக்கிறார். எத்தனை புத்தகம், எத்தனை கட்டம், அத்தனையிலும் நான், ஒன்றுவிடாமல் நான், ஒன்றுவிடாமல் என்மேல் மை. சந்தோஷப்பட வேண்டுமா என்று எனக்குத் தெரியவில்லை, கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்து படம் மறுபடி கலங்கிவிட்டது.

“பேரனாம்மா?” பக்கத்துப் பெண் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். “யாரு வரஞ்சது? ஒங்கள அப்படியே உரிச்சு வச்சுருக்கே.” என் வாய் என்ன சொல்லப்போகிறது என்று எனக்கே தெரியாமல், “எங்க அண்ணன்” என்றது. “அதான் பாத்தேன். அண்ணனும் தங்கச்சியும் ஒரே அச்சுல்ல. இருக்காகளா?” “இல்ல, சின்ன வயசுலயே போயிட்டான்.” அவள் உச்சுக் கொட்டினாள், என் கையைத் தொட்டாள், தூக்குச்சட்டியைச் சரிப்படுத்திக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஒரே அச்சு. அப்படி இருந்தோமா? இருந்திருக்கலாம். அத்தை ஒருத்தி சொல்லியிருக்கிறாள், இல்லை, சொன்னாள் என்று இப்போது நான் நினைத்துக்கொள்கிறேன், இனி எது நான் நினைத்துக்கொண்டது எது நடந்தது என்று யார் பிரித்துச் சொல்வது. அந்தக் கோட்டைக் கட்டைவிரலால் மறைத்துப் பார்த்தேன். விரலை எடுத்தேன். மறுபடி மறைத்தேன். மறைக்கும்போது யாரோ ஒருத்தன் சைக்கிளை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்க்கிறான், விரலை எடுத்தால் பெஞ்சு மேல் நான் நிற்கிறேன். நான்தான் என்று சொல்லிவிடலாம். இவ்வளவு காலம் கழித்து என்னை வரைந்திருக்கிறார் அப்பா என்று சொல்லிவிடலாம், நஸ்ரின் துள்ளிக் குதிப்பாள், அட்டையில் என் முகம், உள்ளே ஒரு கட்டுரை. அப்புறம் அருள்தாசன் எங்கே போவான்? ஒரு காதோடும் ஒரு பூச்சோடும் குரூப் போட்டோவில் திரும்பியபடியே நிற்பான், நான் போன பிறகு அந்தக் காது யாருடையது என்றும் யாருக்கும் தெரியாது. எனக்கு மகன் இருக்கிறான், பேத்தி இருக்கிறாள், ஆதார் அட்டையில்கூட ஒரு மூஞ்சி இருக்கிறது. அவனுக்கு எது இருக்கிறது.

திருத்தங்கல் வந்துவிட்டது. போனில் மைக் குறியை அமுக்கிப் பிடித்துக்கொண்டேன், தொண்டையைச் சரிப்படுத்திக்கொண்டேன், வகுப்பில் பேசுகிற குரல் வந்தது. “நஸ்ரின், பாத்துட்டேம்மா. அண்ணன்தான். எங்க அண்ணனேதான். ஆனா தாடையில சின்னதா ஒரு கோடு இருக்கு பாரு, சாய்வா. அது அவன் கெடையாது. அத மட்டும் எடுத்துரு.” உடனே பதில் வந்தது, ரெடியாகக் காத்திருந்திருப்பாள். “ஸ்க்ராட்ச்னு நெனச்சேன் மேம், சூப்பர், ஒரு நிமிஷம்.” அதற்குள் பஸ் சிவகாசி ரயில்வே கேட்டில் நின்றது, எல்லோரும் எழுந்து பையை எடுத்தார்கள், பக்கத்துப் பெண் பாத்து எறங்குங்கம்மா என்று சொல்லிவிட்டு முன்னே போனாள். படம் வந்தது. கண் இப்போது நன்றாகத் தெரிகிறது. தாடை வழுவழுப்பாக இருந்தது, ஒரு கோடு இல்லை, அகலமான நெற்றியோடு, உதட்டை மூடிக்கொண்டு, தெறந்த கண்ணோடு அண்ணன் என்னைப் பார்த்தான். சாயங்காலம் அச்சுக்குப் போய்விடும், அப்புறம் யார் கேட்டாலும் இதுதான் அவன், நான் கூப்பிட்டாலும் இனி இவன்தான் திரும்புவான். “வந்துட்டியாண்ணே” என்றேன். கை தன்னால் என் தாடைக்குப் போய்த் தடவிப் பார்த்தது, கோடு இருக்கிறதா என்று.